நாற்பத்தொன்றாம் அட்டை

— அந்த நாப்பத்தொண்ணாம் வேலை அட்டையை மட்டும் கழட்டிக் கீழே ஒட்டிடு நெலிதா. உனக்குக் கோடிப் புண்ணியம்.

— எத்தனாவது தடவை ருஃபினோ? அஞ்சு ஸ்பிரிண்ட்டா, அஞ்சு கெடு தாண்டியும், அந்த அட்டை சுவத்துல அடியிலயேதான் கிடக்கு. ஒட்டி ஒட்டிப் பசையே போயிடுச்சு.

— இன்னும் ஒரு தடவை கிடக்கட்டுமே. என்னால முடியல. நேத்து காலையில உக்காந்தவன். புரோகிராம் எழுதுறேனா கனவு காணுறேனான்னு எனக்கே தெரியல.

— எனக்கு மட்டும் என்ன, பூ மெத்தையா? வரிசை, ருஃபினோ, வரிசை. பகல் பன்னண்டு மணிக்கு பஸ் கம்பெனிக்காரன் டிக்கெட் ஆப்பைத் திறந்து விடுறான். மிச்சம் மூணு அட்டை. பணம் கட்டுறது, சீட்டுப் படம், நாப்பத்தொண்ணு.

— பணம் கட்டுறது முடிஞ்சாச்சு. சீட்டுப் படத்துக்கு அரை மணி நேரம் கொடு. அதை முடிச்சா நான் கிளம்பிடுவேன். சத்தியமா கிளம்பிடுவேன். பொண்ணு ஊருக்கு, என்கர்னாசியோனுக்கு, பஸ் பதினோரு மணிக்கு.

— தெரியும்பா. நேத்துலேருந்து நூறு தடவை சொல்லிட்டே. இந்தா, ஒரு வாய் தெரெரே குடி. ஐஸெல்லாம் கரைஞ்சு போச்சு, பரவாயில்ல.

— ஐயோ, அந்தச் சுவர்க் கடிகாரத்தைப் பாரு. பத்தே முக்கால் காட்டுது.

— அதை ஏன் பாக்குறே? மார்ச்சுல கோடை நேரம் முடிஞ்சா நாடு பூரா கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால திருப்பி வைக்கணும். எந்த மகராசன் ஸ்டூல் போட்டு ஏறினான்? கம்ப்யூட்டர் ராத்திரியே தானா மாத்திக்கிச்சு பாரு. ஒம்பதே முக்கால்.

— அப்பாடா. வருஷத்துல இந்த ஒரு நாள்தான் நமக்கு ஒரு மணி நேரம் இனாமாக் கிடைக்குது.

— அதையும் பேசியே தீர்த்துடு. வேலையைப் பாரு.

— என் செல்லைக் கொஞ்சம் கொடேன். பொண்ணு யெருதிக்கு ஒரு வார்த்தை சொல்லிட்டு...

— ஸ்பிரிண்ட் முடியிற வரைக்கும் செல்லெல்லாம் டிராயர்ல. அந்தச் சட்டம் போட்டதே நீதான், சாமி.

— ஆமா, நான்தான். என் வாய்தான் எனக்கு எமன். அவளுக்கு இன்னிக்குப் பதினஞ்சு வயசு நிறையுது, பெரிய விழா. ராத்திரி எட்டு மணிக்கு அப்பன்தான் அவளோட முதல் ஆட்டம் ஆடணும். பதிமூணுக்கும் போகல, பதினாலுக்கும் போகல. ரெண்டு தடவையும் ஸ்பிரிண்ட். ‘இந்தத் தடவையும் வரலைன்னா அம்மா ரெண்டாவதாக் கட்டிக்கிட்டவரோட ஆடிக்கிறேன். அதுக்கப்புறம் நீங்க வரவே வேண்டாம்’னுட்டா.

— அடுத்த பஸ்ஸு எப்ப?

— மூணு மணிக்கு. ஏழு மணி நேரப் பயணம், அதுல போய்ச் சேர்ந்தா நாற்காலியை மடக்கி அடுக்கிட்டிருப்பாங்க.

— சரி, சரி, அழுதுடாதே. நாப்பத்தொண்ணு அடியிலயே கிடக்கட்டும். அப்படி அதுல என்னதான் இருக்கு?

— ஏதோ நேரத்தைப் பத்தி. அக்டோபர்ல நான்தான் எழுதினேன். இப்ப மண்டையில ஒண்ணும் நிக்கல. உயிர் போற விஷயமா இருந்தா நான் மறந்திருப்பேனா?

— அதுவும் சரிதான். நீ முடி, நான் ஒவ்வொண்ணா சோதிச்சுப் பாக்குறேன்.

— ஒரே ஜன்னலோர சீட்டை ஆப் ரெண்டு பேருக்கு வித்துக்கிட்டிருந்தது. இப்ப பாரு.

— இரு... மறுபடியும் வாங்கிப் பாக்குறேன்... விக்கல. பின்னாடி வரிசை? அதுவும் விக்கல. முடிஞ்சுது! மணி பத்தே கால். ஷூவை மாட்டு. டாக்சியில இருபது நிமிஷம், போய் ஒரு சிப்பா வாங்கித் தின்னக்கூட நேரம் இருக்கு. சட்டையை இஸ்திரி போட்டியா?

— பையில இருக்கு. நெலிதா, அழுகையா வருது போ. மூணு வருஷத்துல முதல் தடவையா நேரத்துக்குக் கிளம்புறேன்.

— போய்த் தொலை. டான் எவாரிஸ்தோ! வாட்ச்மேன் ஐயா! கேட்டைத் திறந்து விடுங்க, இவரு பஸ்ஸுக்குப் போகணும்.

— என்ன தம்பி, இன்னுமா இங்க இருக்கீங்க? பதினோரு மணி பஸ்ஸுன்னு சொன்னீங்களே. விழாவைத் தள்ளி வெச்சுட்டாங்கபோலன்னு நான் பேசாம இருந்துட்டேன்.

— தள்ளியெல்லாம் வெக்கல டான். இப்பதானே பத்தே கால்?

— பதினொண்ணே கால், தம்பி. கோயில்ல பதினோரு மணிப் பூசை ஆரம்பிச்சு எவ்வளவு நேரமாச்சு!

— உங்க வாட்ச்சைத் திருப்பி வைக்கலையா டான்? நேத்து ராத்திரியோட ஒரு மணி நேரம்...

— எதுக்கும்மா திருப்பணும்? இனிமே திருப்புறதே கிடையாதுன்னு அரசாங்கம் போன அக்டோபர்லயே சொல்லிடுச்சே. பழைய மெஷினுங்க தப்பாக் காட்டும், ஏமாந்துடாதீங்கன்னு ரேடியோக்காரன் விடிஞ்சதுலேருந்து கத்திக்கிட்டிருக்கான்.

— நெலிதா, டிராயரைத் திற.

— இந்தா.

— யெருதி. ஒம்பது தடவை கூப்பிட்டிருக்கா.

— ஐயோ ருஃபினோ... என் கார் இருந்திருந்தா நானே ஓட்டிட்டு வந்திருப்பேன். அதையும் வித்துத் தொலைச்சுட்டேன்.

— அந்த அட்டையைப் படி.

— இப்ப எதுக்கு அது?

— படி நெலிதா.

— உன் கையெழுத்துதான். ‘வரும் மார்ச்சிலிருந்து மணி பின்னால் போகாது. கம்ப்யூட்டர்களுக்கு அது தெரியாது, முன்கூட்டியே சொல்லி வைக்கணும். மறந்தால் நாமே பஸ்ஸைக் கோட்டை விடுவோம்.’ பக்கத்துல ஒரு பஸ்ஸை வரைஞ்சு, அதுக்கு டாட்டா காட்டுற மாதிரி உன்னையும் வரைஞ்சு வெச்சிருக்கே.