ஒரே குழம்பு

சாயல்குடியிலிருந்து ராமநாதபுரம் போகிற பஸ்ஸில், டிக்கெட்டைத் தொலைத்துவிட்டேனோ என்ற பயத்தில் பையைத் துழாவிக்கொண்டிருந்தேன். முன்சீட்டில் இரண்டு பெண்கள். மிளகாய்க் கடைக்கு வேலைக்குப் போகிறவர்கள்.

“கடையில எடை போடுறவருக்குப் பிரஷருன்னு வீட்டுக் குழம்புலயே உப்பக் கொறச்சுட்டேன்டி” என்றாள் ஜன்னலோரம் இருந்தவள்.

மற்றவள் சிரித்தாள். “அதுக்கு ஒன் வீட்டுக்காரரு என்னடி பாவம் பண்ணாரு?”

“வைக்கிறது ஒரே குழம்புதானே. மதியம் கடையில எடை போடுறவருக்கும் ஒரு கிண்ணம் குடுப்பேன். நல்லாருக்குன்னு சொல்லுவாரு. அதக் கேக்கத்தான் தெனமும் ஓடி வாரேன் போல.”

“வேற எதுவும் உண்டா?”

“சீ! மனசுதான்டி போயிருச்சு.”

“வீட்டுல ஒண்ணும் கேக்கலையா?”

“கேட்டிருந்தா சண்டையாச்சும் போட்டிருப்பேன். ரெண்டு மாசமா தட்டு ஓரத்துல உப்ப வச்சுத் தொட்டுக்கிட்டுத் திங்குறாரு. நேத்துதான் கவனிச்சேன். ‘அம்மா வேலை அசதியில மறந்துருது, சொல்லிக்காட்டாத’ன்னு மககிட்ட சொல்லியிருக்காரு.”

மற்றவளுக்கு இப்போது சிரிப்பு வரவில்லை. “இன்னைக்கு?”

“உப்பு சரியாப் போட்டேன். கிண்ணம் எடுத்துட்டு வரல.”

“அவரு கேட்டா?”

“மறந்துட்டேன்னு சொல்லணும். அழுகாமச் சொல்லணும்.”