பேய்க்குப் பல் வச்சது ஹாவிலி

...அப்படி இல்லைங்க போதகரம்மா, இவ்வளவு தடிமனா தோலைச் சீவினா பாதிக் கிழங்கு பன்னிக்குத்தான் போகும். கத்தியைச் சாய்ச்சுப் பிடிங்க. ஆங், அப்படி. எங்க விட்டேன்? ஹாவிலி. அவன்தான் இப்ப பெரிய வீரனாம். போன ஞாயித்துக்கிழமை கோயில்ல அவங்கம்மா எழுந்து நின்னு, என் மகன் ஈட்டியால பேயைக் குத்தினதாலதான் உங்க பிள்ளைங்க உயிரோட வந்துச்சுங்கன்னு சாட்சி சொல்றாங்க. மொத்தக் கோயிலும் ஆமென்ங்குது. எங்கம்மாவும் ஆமென்ங்கிறாங்க, அதான் வயித்தெரிச்சல்.

இன்னைக்குச் சாயங்காலக் கூட்டத்துல வாலிபர் தலைவரா அவனைத்தான் வைக்கப் போறாங்க. ஈஸ்டருக்குப் பாட்டுப் போட்டின்னு மறுபடியும் படகு போகுதில்ல, அதுக்கும் அவன்தான் பொறுப்பு. ஹாவிலி அண்ணன் வந்தாத்தான் ஏறுவோம்னு பொடிசுங்க எல்லாம் அடம். கடல்ல திரும்பவும் ஏதாவது ஆச்சுன்னா என்ன ஆகும்? அவன் நகராதேன்னா அதுங்க நகராது, அப்படியே உக்காந்து காஞ்சு கருவாடா போகும். பாவம், உங்க வீட்டுக்காரருக்கு என்ன தெரியும், நீங்க இந்தத் தீவுக்கு வந்து ரெண்டு மழை கூடப் பாக்கல. அதான் உங்ககிட்ட சொல்றேன். அந்தத் தேங்காயை இப்படித் தள்ளுங்க, நான் துருவுறேன்.

நடந்தது என்னன்னா, போன தடவை பாட்டுப் போட்டிக்குப் போகும்போது பாதிக் கடல்ல எஞ்சின் இருமிச்சு. படகுக்காரர் உவாய்சேலே இருக்காரே, அவரு எப்பவும் அப்படித்தான், எஞ்சினைத் திட்டுவாரு, துடைக்க மாட்டாரு. பாரம் ஜாஸ்தி, உங்களை ஆளில்லாத இந்தத் திட்டுல இறக்கிட்டுப் போய் வேற படகு கொண்டு வரேன், மத்தியானத்துக்குள்ள வந்துடுவேன்னாரு. இறக்கினாரு, போனாரு. காத்து திரும்பிடுச்சு. அவரு வேற எங்கேயோ கரை ஒதுங்கி, தலையெழுத்தேன்னு மீன் சுட்டுத் தின்னுட்டிருந்தாராம். நாங்க இங்க, பாட்டுக் கோஷ்டி மொத்தமும், வெள்ளைச் சட்டையும், விசேஷத்துக்கு இடுப்புல சுத்திக்கிற பாயுமா. ஒரு பெரியவங்க கிடையாது. இளநியும் டின் மாட்டுக்கறியும்தான். டின்னைத் திறக்கிற சாமானைக் கூடப் படகுலயே விட்டாச்சு. கல்லால அடிச்சு அடிச்சு... சரி, அது வேற கதை.

முதல் நாள் எங்கண்ணன் லோபெட்டிதான் எல்லாத்தையும் பாத்தான். அவன்தானே கோஷ்டி நடத்துறவன், கையைத் தூக்கினா எல்லாரும் வாயை மூடிப் பழக்கம். வடக்கு முனையிலதான் தூரத்துப் படகுங்க போகுது, தீயை அங்க மூட்டினாத்தான் புகை தெரியும்னான். சரியான பேச்சுதான். நாங்க தங்கியிருந்த பக்கம் புகை போட்டா பவளப்பாறைக்கும் நண்டுக்கும்தான் தெரியும். ஆனா ஹாவிலி ஒத்துக்கல. முனையில பேய் இருக்குன்னான். ரெண்டு வரிசைப் பல்லாம். முதுகுல செதிளாம். சின்னப் பிள்ளையோட குரல்ல அழுமாம். கோஷ்டியிலயே சின்னவ, குட்டி சேய்னி, அன்னைக்குலேர்ந்து என் பாவாடையை விடவே இல்ல. ஹாவிலி ஒரு கம்பைச் சீவி ஈட்டி பண்ணிக்கிட்டான், எனக்குப் பின்னாடி நிக்கிறவன் பிழைப்பான்னான். பாதிக் கோஷ்டி அவன் பின்னாடி போயிடுச்சு. தாழ்குரல் பாடுறவனுங்க மொத்தமும். தடிமாடுங்க.

சரி, பேசி முடிவு பண்ணுவோம்னு அண்ணன் எல்லாரையும் வட்டமா உக்கார வைப்பான். ஒவ்வொருத்தரா முனைக்குப் போகலாம்னு தலையாட்ட ஆரம்பிப்பாங்க. அப்பப் பாத்து ஹாவிலி ஒரு அசிங்கமான ஜோக்கை எடுத்து விடுவான். கிழவன், கிழவனோட கால்சட்டை, அந்த மாதிரி. நான் அங்க உக்காந்திருக்கேன். எங்கண்ணன் அங்க உக்காந்திருக்கான். நம்ம வழக்கம் உங்களுக்குத் தெரியாததா, அண்ணன் தங்கச்சி ரெண்டு பேர் காதுலயும் ஒரே நேரத்துல அது விழுந்தா அவன் என்ன செய்வான்? எழுந்து போவான். தலையைக் குனிஞ்சுக்கிட்டு, தண்ணி வரைக்கும் போய் நிப்பான். கூட்டம் கலைஞ்சிடும். தங்கச்சி பக்கத்துலயே இருக்கா தலைவரே, காதைப் பொத்திக்கோங்கன்னு முதுகுக்குப் பின்னாடி கத்துவான் ஹாவிலி. இப்படி ஒவ்வொரு தடவையும். ஈட்டியால ஒண்ணும் அவன் ஜெயிக்கல போதகரம்மா. கால்சட்டையால ஜெயிச்சான்.

அப்ப வழி என்ன? நான் காதுக்கு எட்டாத இடத்துக்குப் போகணும். நான் இல்லன்னா ஜோக் வெறும் ஜோக்தான். ஆனா அந்தத் திட்டே ஒரு பாய் அகலம். எட்டாத இடம்னா முனை ஒண்ணுதான். அதுக்குள்ள எல்லாருக்கும் நடுக்கம், இளநி பொறுக்கக் கூட மூணு மூணு பேராப் போறாங்க. எனக்குப் பயமில்லன்னா நினைக்கிறீங்க? இருந்துச்சு. ஆனா கோவம் அதுக்கு மேல இருந்துச்சு. கடைசி டின்னும் தீந்து போச்சு, சேய்னி அழுறதுக்குக் கூடத் தெம்பில்லாம கிடக்குறா. மத்தியானம் கூட்டம் ஆரம்பிக்கும்போது எழுந்தேன், நடந்தேன். தாழம்புதர்ல கையெல்லாம் கீறல், பாருங்க, இன்னும் ஆறல.

முனைக்குப் போய் நின்னா... அழுதுச்சு.

நிஜமாத்தாங்க. சின்னப் பிள்ளைக் குரல்ல, என் காலுக்குக் கீழேயிருந்து, ஊ... ஊன்னு. நான் போட்ட சத்தத்துல திட்டே ரெண்டா பிளந்திருக்கும். எங்க கோஷ்டியில உச்சக் குரல் நான்தான். என்னன்னு குனிஞ்சு பாத்தா, பறவை. மண்ணைத் தோண்டிப் பொந்துக்குள்ள அடைகாக்குமே, அந்தக் கடல்பறவை. கோழி சைஸ்கூட இல்ல. என்னை மொறைக்குது.

என் கத்தலைக் கேட்டு அங்க எல்லாரும் எதிர்ப்பக்கம் ஓடினாங்களாம். ஹாவிலி கழுத்தளவு தண்ணிக்குள்ள. ஒரே ஒருத்தன்தான் முனைப்பக்கம் ஓடி வந்தான், எங்கண்ணன். எரியுற கட்டை ஒண்ணைக் கையில பிடிச்சுக்கிட்டு. வந்தவன் என்னைப் பாத்தான், பாவாடை முட்டி வரைக்கும் கிழிஞ்சிருக்கிறதைப் பாத்தான், சட்டுன்னு திரும்பி முதுகைக் காட்டிட்டு நின்னான். அப்படியே கேக்குறான், "உயிரோட இருக்கியா?" என்கிட்ட இல்ல, ஒரு தென்னமரத்துக்கிட்ட. இருக்கேன்னு நானும் அந்த மரத்துக்கிட்டயே சொன்னேன். கட்டையைக் காஞ்ச தாழை ஓலைக்குள்ள வச்சான். புகைன்னா புகை, கருகருன்னு, வானத்துக்கும் பூமிக்கும். கொஞ்ச நேரத்துல ஒரு மீன்படகு திரும்பிச்சு.

படகு கரை தட்டின பிறகுதான் ஹாவிலி வந்தான், சொட்டச் சொட்ட. கத்திக்கிட்டே ஓடியாந்து ஈட்டியைப் பொந்துல குத்தினான். பறவை எப்பவோ பறந்து போச்சு. எல்லாரும் கை தட்டினாங்க.

அண்ணன் வாயைத் திறப்பானா? மாட்டான். அந்தக் கதையைச் சொல்லணும்னா தங்கச்சியைப் பத்திச் சொல்லணும், கிழிஞ்ச பாவாடையைச் சொல்லணும். செத்தாலும் சொல்ல மாட்டான். நீ சொல்லேன்னு கேக்குறீங்களா? பேய் இல்ல, பறவைதான்னு சொல்லலாம், சொன்னேன். பேய்தான் பறவையா மாறிடுச்சாம். ஹாவிலியோட அம்மா சொல்றாங்க. இதை ஒழிக்கணும்னா பேய் எங்கேருந்து வந்துச்சுன்னு சொல்லணும்.

அது... கிட்ட வாங்க. அடுப்பு புகையட்டும், பரவாயில்ல.

முதல் நாள் பொண்ணுங்களுக்கு ஒதுங்க ஒரு இடம் வேணுமில்ல. மறைவான இடம்னா முனையில அந்தத் தாழம்புதர்தான். பையனுங்க கண்ட இடத்துலயும் சுத்துறானுங்க. அங்க போகாதீங்கன்னு சொல்ல முடியுமா, ஏன்னு எவனாவது கேப்பான், எங்கண்ணன் பக்கத்துல உக்காந்திருக்கான். அதனால... அங்க பேய் இருக்குன்னேன். அவ்வளவுதாங்க. வெறும் பேய். பல்லு, செதிள் எல்லாம் ஹாவிலி வச்சது, அழுகை அந்தப் பறவையோடது. ராத்திரி ஆகுறதுக்குள்ள என் கைல இல்ல அது. ஒவ்வொரு கூட்டத்துலயும் பொய்னு சொல்ல வாயெடுப்பேன். ஏன் பொய் சொன்னேன்னு அடுத்த கேள்வி வரும். எதுத்தாப்புல அண்ணன். வாயை மூடிக்குவேன். கடைசியில நான் விட்ட பேய்க்கு நானே அலறினேன்.

ஆனா நீங்க சொல்லலாமே. உங்களுக்கு அவன் அண்ணன் இல்ல. உங்க வீட்டுக்காரர்கிட்ட மட்டும் சொல்லுங்க, யார் எந்தப் பக்கம் ஓடினாங்கன்னு. நான் கூட்டத்துக்கு வரல, வயித்து வலின்னு சொல்லிடுங்க. நான் இல்லன்னா ஹாவிலி எத்தனை கால்சட்டையை வேணா அவுக்கட்டும். எங்கண்ணன் உக்காந்து கேட்டுச் சிரிச்சிட்டு, முடிச்சிட்டியா, பேசலாமான்னு கேப்பான். அவன் நல்லாவே சிரிப்பான்னு மத்தவங்க சொல்லுவாங்க. நான் பாத்ததில்ல...

ஐயோ, அவன் வர்றான். விறகோட. ...ஆமாங்க போதகரம்மா, தேங்காய் இந்தத் தடவை நல்ல பருமன். பாலும் கெட்டி. சிரிக்காதீங்க, நீங்க சிரிச்சா என்னன்னு கேப்பான். தயவுசெஞ்சு... எங்க எழுந்திரிக்கிறீங்க? இப்பவேவா? கோயில் பக்கமா? கையிலயே கத்தி இருக்குங்க, அதை வச்சிட்டுப் போங்க...

விறகை அங்கயே போட்டுட்டுப் போண்ணே. அவங்களுக்கு ஒண்ணுமில்ல. தேங்காயைப் பத்திப் பேசிட்டிருந்தோம்.