கத்தரி படாத ஒரு வருஷம்

— ஆறு வருஷம் ஆச்சு தம்பி. ஒரு மொட்டக் கூட கண்ணுல காட்டல. உங்க நர்சரி மரத்த நீங்களே தோண்டி எடுத்துட்டுப் போயிடுங்க.

— கொஞ்சம் பொறுங்கக்கா. இது சின்ன ஜாதி மரம், ஆனா ரோஷக்கார மரம். மத்த செடியெல்லாம் பூத்து ஓஞ்சு, தோட்டமே வெறிச்சுனு கெடக்கறப்பதான் பூக்கும்.

— இப்படிப் பேசிப் பேசித்தான் என் தலையில கட்டினீங்க. தோட்டம் வெறிச்சுனுதான் கெடக்கு. பூ எங்க?

— மண்ணு நல்லாருக்கு. வெயிலும் விழுது. ஆனா மரம் என்னக்கா, பந்து மாதிரி உருண்டையா இருக்கு?

— அதோ வர்றாரே எங்க வீட்டுக்காரர், அவரக் கேளுங்க. வாசல் பக்கத்து சலூன்ல ஆள் இல்லன்னா கத்தரியோட இங்க வந்துடுவாரு.

— வாங்க நர்சரி. பாத்தீங்களா, சுத்திலும் ஒரு நூல் பிசகு இருக்கா?

— அண்ணே, எத்தன நாளைக்கு ஒருக்கா வெட்டறீங்க?

— மாசா மாசம். முதல்ல இவ தலை, அடுத்து மரம். ரோட்டுல போறவன் ரெண்டையும் பாப்பான், பேசாம உள்ள வந்து நாற்காலில உக்காந்துடுவான். கடைக்கு போர்டே வேணாம்.

— போச்சு.

— என்ன போச்சு?

— புதுசா விடற கொம்போட நுனியிலதான் இது மொட்டு வைக்கும். ஆறு வருஷப் பூவும் உங்க கத்தரியில போச்சு அண்ணே.

— அடப்பாவி மனுஷா. மண்ணத் திட்டினேன், இந்தத் தம்பியத் திட்டினேன். திருடன் என் கையாலயே சோறு தின்னுட்டு இருந்திருக்கான்.

— நான் என்ன பண்ண? நீட்டிட்டு இருக்கறதப் பாத்தா கை சும்மா இருக்க மாட்டேங்குது.

— இனிமே அடுத்த வருஷம் பூத்து ஓயறவரைக்கும் தொடக்கூடாது. அப்புறம் லேசா வெட்டிக்கோங்க.

— ஒரு வருஷம் பரட்டையா நிக்கறதா? சலூன் வாசல்லயா? ஊர் சிரிக்கும் நர்சரி.

— அப்ப தோண்டிடுங்க தம்பி. மம்பட்டி அங்க இருக்கு.

— ஏய் இரு, இரு. இதுக்குப் போய் கண் கலங்குவியா?

— சமையக்கட்டு ஜன்னல்ல நின்னு ஒவ்வொரு வருஷமும் பாத்துட்டே இருந்தேங்க. இந்தத் தடவ பூத்துடும், இந்தத் தடவ பூத்துடும்னு.

— எங்கிட்ட சொல்லிருக்கலாம்ல? சரி, தொடல. இந்தா கத்தரி, நீயே பூட்டி வச்சுக்கோ. போதுமா?

— போதாது. இனிமே மாசா மாசம் என் தலைக்கும் வராதீங்க.

— உன் தலைக்கு என்ன கேடு? ஒரு நூல் பிசகாம வெட்டி விடறேன்ல?

— அதான். கல்யாணம் ஆன நாள்லேருந்து காதுக்குக் கீழ இறங்க விட்டதில்ல. மரம் பூத்தா, அந்தப் பூவ நான் எதுலங்க வைக்கறது?