அக்காவின் வலது கை

உட்கார்ந்து பார்க்கிற வேலை என்றால் உடம்பு நோகாது என்று பலரும் நினைக்கிறார்கள். நீங்களும் நாள் முழுக்க உட்கார்ந்து எழுதுகிறவர்தான், உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

நான் தொலைக்காட்சித் தொடருக்கு வசனம் எழுதுகிறவன். வாரத்தில் ஆறு நாள் ஒளிபரப்பு. ஒரு எபிசோடுக்கு ஐந்தாறு காட்சிகள், ஏறக்குறைய இருபத்தைந்து பக்கம். காலை பதினோரு மணிக்குள் அது படப்பிடிப்புத் தளத்துக்குப் போய்ச் சேர வேண்டும். அங்கே மேக்கப் முடித்து, நகை மாட்டி, யாரை எதற்காகத் திட்ட வேண்டும் என்று தெரியாமல் ஐந்து பேர் காத்திருப்பார்கள். பத்து எபிசோடாவது முன்கூட்டி எழுதி வைத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்பீர்கள். எழுதி வைத்தேன், முதல் வருடத்தில். வியாழக்கிழமை பார்வையாளர் கணக்கு வரும், சேனலில் கதையை மாற்றச் சொல்வார்கள், பத்தும் குப்பைக்குப் போகும். அதற்குப் பிறகு அன்றன்றைக்கு எழுதுவதுதான்.

கழுத்தில்தான் முதலில் ஆரம்பித்தது. பின்னால் யாராவது கூப்பிட்டால் உடம்பு மொத்தத்தையும் திருப்ப வேண்டியிருக்கும். அப்புறம் மூலம். அதை விவரிக்கப் போவதில்லை. நடுவில் ஓட்டை வைத்த தலையணையின் மேல் உட்கார்ந்துகொண்டுதான் இரண்டு கல்யாணமும் ஒரு விவாகரத்தும் எழுதினேன் என்று மட்டும் சொல்கிறேன். நான்காவது வருடம் ஒரு காலையில் பல் துலக்கும் பிரஷ் கையிலிருந்து நழுவித் தொட்டியில் விழுந்தது. எடுத்தேன், மறுபடியும் விழுந்தது. மூன்றாவது தடவை எடுக்கவில்லை.

மணிக்கட்டில் நரம்பு நசுங்கியிருக்கிறது, ஆறு வாரம் கையைத் தொந்தரவு செய்யாதீர்கள் என்றார் எலும்பு மருத்துவர். வலிக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். தயாரிப்பு மேலாளருக்கு போன் செய்தேன்.

"ஆறு வாரமா? சார், எங்ககிட்ட நாளைக்கே சீன் இல்ல" என்றார். பிறகு, "நீங்க உடம்பைப் பாத்துக்கோங்க. நாங்க யாரையாவது ஏற்பாடு பண்ணிக்கறோம்" என்றார்.

அன்பாகத்தான் சொன்னார். ஆனால் அந்த வாக்கியம் எனக்குப் பழக்கமானது. எனக்கு முன்னால் இந்தத் தொடரை எழுதியவர் முதுகு பிடித்துப் படுத்தபோது அவரிடமும் இதையேதான் சொல்லியிருந்தார்கள். அவர்கள் ஏற்பாடு செய்துகொண்ட யாரோ ஒருவன் நான்தான். மாலை நாலு மணிக்கு என்னைக் கூப்பிட்டார்கள். மறுநாள் பதினோரு மணிக்கு என் காட்சிகள் போயின. அந்த மனிதரை நான் போய்ப் பார்க்கவே இல்லை. பார்த்தால் என்ன பேசுவது?

அப்போதுதான் அக்கா வந்தாள். என்னைவிட ஆறு வயது மூத்தவள். நீதிமன்றத்தில் முப்பது வருடம் சுருக்கெழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவள். கணவர் இல்லை. ஒரே மகள் வெளியூரில் பள்ளி ஆசிரியை. நானும் மனைவியைப் பிரிந்து வெகுநாளாகத் தனியாக இருக்கிறேன். என் கையைப் பார்த்தாள். பெட்டியைக் கீழே வைத்தாள். கணினி முன்னால் உட்கார்ந்தாள்.

"நீ சொல்லு, நான் அடிக்கறேன்."

"வேகமா சொல்வேன்க்கா."

"கொலைகாரன் சொன்னதையே ஒரு எழுத்து விடாம எடுத்திருக்கேன். நீ சொல்றதை எடுக்க மாட்டேனாடா?"

அடுத்து வந்த எட்டு மாதம் போல என் வாழ்க்கையில் ஒரு காலம் இருந்ததில்லை. நான் அறைக்குள் நடந்துகொண்டே சொல்வேன். அவள் தட்டுவாள். பிடிக்காத வசனம் வந்தால் விரலை நிறுத்திவிட்டு என்னைப் பார்ப்பாள். "இந்த மாமியாருக்குக் கால் வலி, முட்டி வலி ஒண்ணுமே வராதா? மாடி மாடியா ஏறி ஒட்டுக் கேக்கறாளே" என்பாள். மாமியாருக்கு முட்டி வலி வைத்தேன். பார்வையாளர் கூடினார்கள். ஒரு நாள் மாமியார் வசனத்தை அவளும் மருமகள் வசனத்தை நானும் கத்திக்கொண்டிருந்தபோது, கீழ் வீட்டில் தையல் கடை வைத்திருக்கும் அம்மா கையில் அளவு நாடாவோடு ஓடி வந்துவிட்டார். "கூடப் பொறந்தவங்க இப்படியா அடிச்சுக்கறது" என்று எங்களை விலக்கப் பார்த்தார். "நாளன்னிக்கு ராத்திரி டிவியில போடுவாங்க, மிச்சத்தை அதுல பாருங்க" என்று அக்கா சொன்னாள். சிரித்துச் சிரித்து அன்றைக்குக் காட்சி ஐந்து நிமிடம் தாமதமாகப் போனது.

ஒன்பதாவது மாதம் அவள் கட்டைவிரல் மடங்கியபடியே நின்றுவிட்டது. இடது கையால் பிடித்து நிமிர்த்தினால் டக்கென்று சத்தம் கேட்கும். விரல் நுனிகள் மரத்துப்போயின. தட்டில் சாப்பாட்டைப் பிசைய முடியாமல் ஸ்பூன் எடுத்துக்கொண்டாள்.

"ஒரு மாசம் விடுடா. வேற யாரையாவது வெச்சு ஓட்டு" என்றாள்.

அந்த வாரம்தான் தொடரை ஒரு மணி நேரமாக நீட்டினார்கள். இருபத்தைந்து பக்கம் ஐம்பது ஆயிற்று. இரண்டு பேரை வைத்துப் பார்த்தேன். ஒருவர் மூன்றாம் நாள் வரவில்லை. இன்னொருவர் ஒவ்வொரு வரிக்கும் "என்ன சார் சொன்னீங்க" என்றார். பேசினால் எழுதும் மென்பொருளையும் வாங்கினேன். அது 'அத்தை' என்றால் 'கத்தை' என்று எழுதியது. என் வலது கை அதற்குள் ஓரளவு தேறியிருந்தது, கையெழுத்துப் போடும் அளவுக்கு. ஐம்பது பக்கத்துக்கு அது காணாது.

என் மாத்திரைகள் இழுப்பறையில் இருந்தன. அக்காவிடம் நீட்டினேன்.

"எனக்கு அது ஆகாதுன்னு உனக்குத் தெரியாதா?" என்று கையைத் தட்டிவிட்டாள்.

அவளுக்கு மாத்திரை பிடிக்காது என்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாளிலிருந்து காபி நான் போட்டேன். அவள் சர்க்கரை இல்லாமல், திக்காக, நல்ல கசப்பாகக் குடிப்பாள். மாத்திரையை இரண்டு கரண்டிக்கு நடுவில் வைத்து நசுக்கினால் ஒரு நொடியில் பொடியாகிவிடும். நான் பதறவில்லை. ஒரு வாரத்துக்கு மட்டும் என்று நினைத்தேன். நான்காவது நாள் அவள் கட்டைவிரலை மடக்கி, நிமிர்த்தி, மடக்கிக் காட்டினாள்.

"பாத்தியா? எண்ணெய் தேச்சதுக்கே சரியாயிடுச்சு. நீ என்னவோ மாத்திரைய நீட்டினே."

அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். அதை எப்படிக் கெடுப்பது? தையல்கார அம்மாவிடம்கூடச் சொல்லிப் பெருமைப்பட்டாளாம், தம்பி கையால் காபி குடிக்கிற யோகம் யாருக்கு வாய்க்கும் என்று.

ஒரு வாரம் முடியும்போது கதையில் ஒரு கடத்தல் வந்தது. அது முடிந்ததும் நிறுத்திவிடலாம் என்று இருந்தேன். பிறகு ஒரு நீதிமன்றக் காட்சி, அவளுக்கு மிகவும் பிடித்தது, அவளே பாதி சொன்னாள். வலி திரும்ப வந்தபோது மாலைக் காபியிலும் ஒன்று சேர்த்தேன். மாத்திரை தீர்ந்தால் என் சீட்டைக் காட்டி வாங்கிக்கொள்வேன். மருந்துக்கடைக்காரர், "கையைப் பாத்துக்கோங்க சார்" என்பார். இப்படி ஏழு மாதம் போனது. நிறுத்த வேண்டும் என்று நான் நினைக்காத நாளே இல்லை. ஆனால் பதினோரு மணிக்கு முன்னால் நினைத்தால் வேலை நின்றுவிடும், பதினோரு மணிக்குப் பிறகு நினைத்தால் அன்றைக்கு ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டிருக்கும்.

அக்காவுக்குக் கால் வீங்க ஆரம்பித்தது. செருப்பு நுழையவில்லை. "மாமியாருக்கு முட்டி வலி வெச்ச பாவம், எனக்கு வந்திருக்கு" என்றாள். பிறகு சோர்வு, சாப்பாட்டைக் கண்டால் குமட்டல். நான்தான் மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். அதையும் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள்.

ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்த பெண் மருத்துவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"வலி மாத்திரை ஏதாவது சாப்பிடறீங்களாம்மா?"

"ஐயோ, தொடக்கூட மாட்டேன் டாக்டர். எனக்கு இருக்கறது ஒரு கிட்னி. இன்னொண்ணைப் பொண்ணுக்குக் குடுத்துட்டேன், பதினோரு வருஷம் ஆச்சு. அப்பவே சொல்லி அனுப்பினாங்க, வலி மாத்திரை பக்கமே போகக் கூடாதுன்னு. தம்பியும் கூட இருந்தானே."

இருந்தேன். அறுவை சிகிச்சை அன்று அந்தத் தாழ்வாரத்தில் ஒன்பது மணி நேரம் நின்றேன். மருத்துவர் செய்யக் கூடாதவற்றைச் சொன்னபோது, அக்கா மயக்கத்தில் இருந்ததால் அதையெல்லாம் தாளில் குறித்துக்கொண்டவன் நான்தான். அப்போது என் கை நன்றாக இருந்தது.

மருத்துவர் என்னைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க சார், வேற ஏதாவது மருந்து, நாட்டு மருந்து?"

"எனக்குத் தெரிஞ்சு இல்ல" என்றேன்.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாய்வரைக்கும் வந்தது. ஆனால் சொன்னால் அன்றே படுக்க வைத்துவிடுவார்கள். அந்த வாரம் கதாநாயகியின் கல்யாணம். நான்கு நாள் காட்சி பாக்கி. மேல் பரிசோதனைக்குத் திங்கட்கிழமை வரச் சொன்னார்கள். வீட்டுக்கு வந்து நான்கு நாளும் எழுதினோம். நான்கு நாளும் காபி போட்டேன், இரண்டு வேளையும்.

திங்கட்கிழமை அவளைச் சேர்த்துக்கொண்டார்கள். காரணம் தெரியாததால் வேறு வேறு நோய்களைத் தேடினார்கள். கிருமி என்றார்கள், அது இல்லை. அவளுடைய உடம்பே அவளுடைய கிட்னியைத் தாக்குகிறதோ என்று ஒரு மருந்து கொடுத்தார்கள், அது அவளை இன்னும் சாய்த்துவிட்டது. இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்திகரித்தார்கள். நான் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து இடது கையால் போனில் காட்சிகளை ஒவ்வோர் எழுத்தாகத் தட்டி அனுப்பினேன். அவள் இல்லாமல் முடியாது முடியாது என்று இருந்தேன், கடைசியில் முடிந்துதான் போனது.

எட்டாம் நாள் அவள் காபி கேட்டாள். தண்ணீரே அளந்துதான் தர வேண்டும். தாதி இரண்டு வாய்க்கு அனுமதித்தார். கேன்டீனில் வாங்கி வந்தேன். ஒரு வாய் குடித்தாள். நாக்கால் உதட்டைத் தடவிப் பார்த்தாள்.

"சர்க்கரை போட்டிருக்காங்களா?"

"இல்லக்கா. நீ குடிக்கற மாதிரிதான்."

"நீ போடற கசப்பு இதுல இல்லையேடா."

என்னையே பார்த்தாள். முப்பது வருடம் சாட்சிகள் முகத்தைப் பார்த்துக்கொண்டே எழுதியவள். நான் கோப்பையை வாங்கிக் கீழே வைத்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு, "இன்னிக்கு சீன் அனுப்பிட்டியா?" என்றாள். அனுப்பிவிட்டேன் என்றேன். "சரி" என்றாள்.

பன்னிரண்டாம் நாள் காலை பத்தேகாலுக்கு அவள் இதயம் நின்றது. மேலாளருக்குச் சொன்னேன். அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். "இன்னிக்கு லீவு எடுத்துக்கோங்க சார். நாளைக்கு மட்டும் ரெண்டு நாளுக்கும் சேத்து அனுப்பிடுங்க" என்றார். அனுப்பினேன்.

இறக்கும் முன் கிட்னியிலிருந்து எடுத்திருந்த துணுக்கின் பரிசோதனை முடிவு நான்கு நாள் கழித்து வந்தது. இது மாத்திரையால் வருகிற சேதம் போலத் தெரிகிறது என்று மருத்துவர் அக்கா மகளிடம் சொல்லியிருக்கிறார். அவள் நேராக என் சமையலறைக்கு வந்தாள்.

"அம்மா மாத்திரை சாப்பிட்டாங்களா மாமா?"

"அவளுக்குத் தெரியாது" என்றேன்.

புரிந்துகொள்ள அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். ஒரு கையை இடுப்பின் முன்பக்கம், அக்காவின் கிட்னியை வைத்துத் தைத்த இடத்தில் வைத்திருந்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன், உங்களிடம் சொன்ன வரிசையிலேயே.

"டாக்டர் கேட்டப்பவாவது சொல்லியிருக்கலாமே. அப்ப நிறுத்தியிருந்தாக்கூடக் காப்பாத்தியிருக்கலாம்னு சொல்றாங்க. ஏன் மாமா சொல்லலை?"

"கல்யாண சீன் பாக்கி இருந்ததும்மா."

அவள் அழவில்லை. போலீஸுக்குப் போகிறேன் என்றாள். போ என்றேன். சனிக்கிழமை வரைக்கும் பொறுத்துப் போக முடியுமா என்று மட்டும் கேட்டேன், வாரக் கடைசி எபிசோடை முடித்துவிடலாம் என்று. அவள் பொறுக்கவில்லை, அன்றைக்கே உங்கள் ஸ்டேஷனுக்கு வந்துவிட்டாள். இப்போது வேறு யாரோ எழுதுகிறார். நன்றாகவே எழுதுகிறார் என்று கேள்வி.

ஆக, நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில், ஆமாம். கொடுத்தது நான்தான். ஒற்றைக் கிட்னி என்று தெரிந்தே, ஏழு மாதம், அவள் வேண்டாம் என்று சொன்ன பிறகு. மருத்துவர் கேட்டபோது மறைத்தது நான். அதற்குப் பிறகும் நான்கு நாள் கொடுத்தது நான். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை, யாரும் எனக்கு உதவவுமில்லை. ஆனால் ஒன்றை நீங்கள் சேர்த்து எழுத வேண்டும். என் உடம்பு பட்ட வேதனை எனக்குத் தெரியும். அதில் ஒரு துளிகூட அவளுக்கு வராமல் நான் பார்த்துக்கொண்டேன். கடைசிப் பக்கம் வரைக்கும் அக்காவுக்குக் கை வலிக்கவே இல்லை.