சைவமாகிவிட்ட அம்மன்

மாமல்லபுரத்திலிருந்து செங்கல்பட்டு போகும் பேருந்தில் என் முன் இருக்கையில் இரண்டு பெண்கள். இளையவள் மடியில் கருவாட்டுப் பை.

"எங்கூரு அம்மன் இப்ப சைவம்க்கா," என்றாள் அவள்.

"இன்னாடி சொல்ற?"

"கோயில இடிச்சுப் பெரிசா கட்டினோம். புதுச் செலை வந்துது, பூசைக்கு ஐயரு வந்தாரு. கருவாட்டுக் கொழம்பு படைக்கக் கூடாதுன்ட்டாரு. இத்தினி வருசமா நான் வச்ச கொழம்புக்கா."

"பெரிசா கட்டச் சொன்னது யாரு?"

"நான்தான். நம்ம சாமியும் டவுன் சாமியாட்டம் இருக்கட்டும்னு நெனச்சேன்."

"பழைய அம்மன் கல்லு?"

"தேஞ்சிபோச்சுன்னு கொளத்துல எறக்கிட்டாங்க."

மூத்தவள் இளையவளின் மடியிலிருந்த பையைத் தட்டினாள்.

"போவட்டும் வுடு. அவளுக்குக் கொளத்துலதான் மீனு கீதே."

இளையவள் பையின் வாயை இறுக்கி முடிந்தாள்.