பாதி பாதிதானே!

லால்குடி பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு பெண்ணும் அவள் தம்பியும். அவன் நெற்றியில் புதுத் தையல். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அழைத்துப் போகிறாள் என்று பேச்சில் தெரிந்தது.

“பிராந்தி பாதி, கஞ்சா பாதிதான்க்கா. மொத்தத்துல ஒண்ணுதானே?”

“ஏண்டா, இதென்ன சாம்பாரும் ரசமுமா, பாதி பாதி ஊத்திக்க? ரெண்டும் சேர்ந்தா எங்க கொண்டுபோய் விடும்னே தெரியாதுன்னு டாக்டர் உன் முன்னாடிதானே சொன்னாரு?”

“தனித்தனியா எனக்கு ஒண்ணும் ஆனதில்லக்கா.”

“அதனால சேர்த்துப் பாத்தியாக்கும்! கல்யாண மண்டபத்து மாடியில விழுந்து நெத்தி கிழிஞ்சு, மல்லாந்து கிடந்து வாந்தி எடுத்திருக்க. அந்தச் சமையக்காரம்மா வந்து ஒருக்களிச்சுப் போடலேன்னா மூச்சடைச்சே போயிருப்ப. உன் கூட்டாளிங்க என்னடா பண்ணாங்க?”

அவன் நெற்றித் தையலைத் தடவிக்கொண்டான்.

“போன்ல வீடியோ எடுத்துச் சிரிச்சாங்க. எல்லாம் காதுல விழுந்துச்சுக்கா. கையைத்தான் தூக்க முடியல.”

“அவனுங்ககூடத்தான் ஞாயித்துக்கிழமை கொடைக்கானல் போறேன்னியா?”

“வேன் பேசியாச்சேக்கா” என்றான்.