கோடு விழாத கண்ணாடி

ரஞ்சித்குமார்: ...சிரிக்காத பிரகாஷு. மொதல்ல கடைக் கதவச் சாத்து.

ஜெயபிரகாஷ்: பட்டப்பகல்ல செல்போன், வாட்ச் ரிப்பேர் கடையச் சாத்தினா ஊரே என்னமோன்னு நினைக்கும் அத்தான். கைக்குட்டையப் பிரிங்க. உள்ள என்ன?

ரஞ்சித்குமார்: உங்கப்பா எனக்குத் தலைதீபாவளிக்குக் கட்டிவிட்ட வாட்ச்சு.

ஜெயபிரகாஷ்: ஐயய்யோ! சில்லு சில்லாப் போயிருக்கு!

ரஞ்சித்குமார்: மெதுவா... மெதுவாப் பேசு.

ஜெயபிரகாஷ்: எப்புடி ஆச்சு?

ரஞ்சித்குமார்: நேத்து மாங்கனித் திருவிழாவுல... சாமி வரும்போது மாடியிலேருந்து மாங்கா எறிஞ்சாங்கள்ல? ஒண்ணு நேரா வந்து கையில...

ஜெயபிரகாஷ்: மாங்கா?

ரஞ்சித்குமார்: பெரிய மாங்கா.

ஜெயபிரகாஷ்: அத்தான், நானும் பத்து வருஷமாக் கடை வச்சிருக்கேன். மாங்கா பட்டா இப்படி நட்டநடுவுல, ஒத்த ரூபா அளவுக்குக் குழி விழாது. இது சுத்தியல்.

ரஞ்சித்குமார்: காலையில டீக்கடையில... சாவியால கீறிக் காட்டினேன், கோடு விழல. கருக்கருவாளால கீறினேன், அப்பவும் விழல. எல்லாரும் கை தட்டினாங்க. 'சுத்தியலத் தாங்குமா'ன்னு மெக்கானிக் மருதையன் கேட்டான்...

ஜெயபிரகாஷ்: நீங்களும் கைய நீட்டிட்டீங்க!

ரஞ்சித்குமார்: கழட்டி பெஞ்சு மேல வச்சேன்ப்பா. அவ்வளவு மடையன் இல்ல.

ஜெயபிரகாஷ்: உடையாதுன்னு யாரு சொன்னது உங்களுக்கு?

ரஞ்சித்குமார்: உங்கப்பாதான்! 'மாப்ள, இது சஃபையர் கண்ணாடி, நீலக்கல்லு ஜாதி, யானை மிதிச்சாலும் ஒண்ணும் ஆவாது'ன்னாரு.

ஜெயபிரகாஷ்: கடைக்காரன் அவருகிட்டச் சொன்னது 'கோடு விழாது', அவ்வளவுதான். யானைய அவரா சேத்துக்கிட்டாரு.

ரஞ்சித்குமார்: ரெண்டும் ஒண்ணுதானே?

ஜெயபிரகாஷ்: எப்படி ஒண்ணாவும்? அக்கா வச்சிருக்கற பீங்கான் தட்டுல ஸ்பூனால கீறுங்க, ஒண்ணும் ஆவாது. அதையே கீழ போடுங்க?

ரஞ்சித்குமார்: உங்கக்கா என்னைய உண்டு இல்லன்னு ஆக்கிடுவா.

ஜெயபிரகாஷ்: அதான் சஃபையர். நல்ல கெட்டி, ஆனா வளைஞ்சு குடுக்காது. உங்க போன்ல இருக்கறது வேற கண்ணாடி. கீழ விழுந்தா ஓரளவு தாங்கும். ஆனா பாக்கெட்டுல கொஞ்சம் மணல் இருந்தாப் போதும், கோடு விழுந்துடும்.

ரஞ்சித்குமார்: ரெண்டு தொல்லையும் இல்லாம ஒண்ணு கிடையாதா?

ஜெயபிரகாஷ்: பிளாஸ்டிக்கு இருக்கு. லேசுல உடையாது. ஆனா ஒரே மாசத்துல கீறல் கீறலா ஆயிடும். அப்புறம் வாட்ச்சக் கட்டிக்கிட்டு பக்கத்து ஆள்கிட்ட மணி கேக்கணும்.

ரஞ்சித்குமார்: அதெல்லாம் வேணாம். பழைய மாதிரியே போட்டுக் குடு. சாயங்காலம் உங்க வீட்டுல விருந்து. 'மாப்ள, வாட்ச்ச மறக்காமக் கட்டிக்கிட்டு வாங்க, என் கூட்டாளி சோமசேகரன் பாக்கணுங்கறான்'னு உங்கப்பா காலையிலேருந்து மூணு தடவ போன் பண்ணிட்டாரு.

ஜெயபிரகாஷ்: மூணு தடவையா...

ரஞ்சித்குமார்: வெறுங்கையோட போயி நின்னா என் கதி என்ன?

ஜெயபிரகாஷ்: இந்த அளவுல சஃபையர் ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு அத்தான். அதையும் ஒருத்தர் கேட்டுருக்காரு.

ரஞ்சித்குமார்: யாரு?

ஜெயபிரகாஷ்: ஒரு... பெரிய மனுஷன்.

ரஞ்சித்குமார்: நாளைக்கு வாங்கிக்கச் சொல்லுப்பா!

ஜெயபிரகாஷ்: அடுத்தது சென்னையிலேருந்து வர அஞ்சு நாளாவும். அவருக்கும் அவசரம். பேசாம அப்பாகிட்ட உண்மையச் சொல்லிடுங்களேன். என்ன பண்ணிடுவாரு?

ரஞ்சித்குமார்: என்ன பண்ணுவாரா? பேசுவாரு! ரெண்டு மணி நேரம் பேசுவாரு. தெரிஞ்ச விஷயம்னா ரெண்டு மணி நேரம். தெரியாத விஷயம்னா இன்னும் அரை மணி நேரம் கூட...

ஜெயபிரகாஷ்: அத்தான்... அத்தான்... கொஞ்சம் மெதுவா...

ரஞ்சித்குமார்: அட, இங்க யாரு இருக்கா?

ஜெயபிரகாஷ்: இல்ல... சும்மா சொன்னேன்.

ரஞ்சித்குமார்: திட்டுனா வாங்கிக்குவேன் பிரகாஷு, அதுக்கு பயமில்ல. எங்கப்பா நான் அஞ்சாவது படிக்கறப்பவே போயிட்டாரு. 'நீங்க என் புள்ள மாதிரி'ன்னு ஒருத்தர் என் கையப் புடிச்சு ஒண்ணக் கட்டிவிட்டது அதான் மொத தடவ. அத நானே சுத்தியலுக்குக் குடுத்துட்டேன்னு அவரு மூஞ்சியப் பாத்து எப்படிச் சொல்லுவேன்? ரொம்ப வேதனையா இருக்குப்பா.

ஜெயபிரகாஷ்: அந்தப் பெரிய மனுஷன் விட்டுக் குடுத்தா உங்களுக்கே போட்டுடறேன்.

ரஞ்சித்குமார்: நம்பரக் குடு. கால்ல விழுந்தாவது கேக்கறேன்.

ஜெயபிரகாஷ்: நம்பரெல்லாம் வேணாம்... அப்பா, திரைக்குப் பின்னாடி நின்னு மூக்க உறிஞ்சுனது போதும். வெளிய வாங்க.

ரஞ்சித்குமார்: மாமா?!

சண்முகசுந்தரம்: உக்காருங்க மாப்ள, உக்காருங்க... அந்தக் கண்ணாடிய உங்களுக்கே போடட்டும். நானும் இதே மாதிரி ஒண்ணு வாங்கிக் கட்டிக்கிட்டிருந்தேன்ல? நேத்து சோமசேகரன் முன்னாடி அதுமேல அம்மிக்குழவியால ஒரு போடு போட்டேன். தூளாப் போயிடுச்சு. மானம் போவக் கூடாதுன்னு, 'இது டூப்ளிகேட்டுடா, ஒரிஜினல் என் மாப்ள கையில இருக்கு, நாளைக்கு வந்து பாரு'ன்னு சொல்லிட்டேன். உங்க கண்ணுல படறதுக்குள்ள என்னோடதுக்குக் கண்ணாடி மாத்திடலாம்னு இங்க வந்தேன், உங்க குரல் கேட்டதும் உள்ள ஒளிஞ்சுக்கிட்டேன்... சாயங்காலம் அவன் எதக் கொண்டுக்கிட்டு வந்தாலும், நீங்க வாட்ச்ச மட்டும் கழட்டிடாதீங்க மாப்ள.